அதிர்வுத் தட்டும் எலும்பு நலமும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணி, வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து இராமேசுவரத்திற்குப் புகைவண்டியில் சென்று வந்தோர் இந்த அவையில் பலர் இருக்கக்கூடும். மண்டபம் நிலையத்தைக் கடந்தவுடன் வண்டியின் விரைவு குறைந்துவிடும். இருபுறமும் கடல் விரிந்திருக்க, பழைய பாம்பன் பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும். சன்னலோரத்துச் சிறுவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பொறியாளர்களுக்கோ அது கணக்கிட்டு வகுத்த காப்பு. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற அப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் அது பெருஞ்சேதமுற்று, 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக உப்புக்காற்றில் நின்ற இரும்பு, ஓடும் வண்டியின் அதிர்வை எவ்வளவு தாங்கும் என்பதே பொறியாளர்களின் கவலையாக இருந்தது. பிற்காலத்தில் அப்பாலத்தின் அசைவுகளைக் கண்காணிக்கச் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் உணர்கருவிகளைப் பொருத்தினர். 2022 டிசம்பர் 23 அன்று அப்பாலத்தில் வண்டி ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று அதனருகே புதிய பாலம் திறக்கப்பெற்றது.

இத்தனை ஆண்டுகளிலும் பாலத்தைக் காத்தவர்கள் மூன்று கேள்விகளை இடைவிடாது கேட்டு வந்தனர். அதிர்வு எவ்வளவு வலியது? அது எவ்வளவு நேரம் நீடிக்கும்? அதை ஏற்கும் பாலம் இன்று எந்த நிலையில் உள்ளது? இன்று பல இல்லங்களுக்குள் வந்து சேர்ந்துள்ள ஒரு கருவியைப் பற்றியும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியுள்ளது. அக்கருவியே உடல் முழுவதையும் அதிரச் செய்யும் அதிர்வுத் தட்டு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு அகவை எழுபது. எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். வெளியூரில் பணிபுரியும் மகன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காண்கிறான். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தட்டின்மேல் நின்றாலே எலும்பு உறுதிபெறும் என்று அது கூறுகிறது. மகன் கருவியை வாங்கி அனுப்புகிறான். “அம்மா, வெயிலில் நடக்க வேண்டா, முழங்கால் நோகப் படியேற வேண்டா, இதன்மேல் நின்றால் போதும்” என்கிறான். அவனுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அத்தாயின் இடுப்பெலும்பு முறிந்தால் அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மாறிவிடும். திருமலைப் படிகளையும் பொன்னூர் மலைப் படிகளையும் தம் காலால் ஏறிய ஒருவர், கழிவறைக்குச் செல்லவும் பிறர் கையை எதிர்நோக்க நேரும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதில்லை. ஆகவே கருவியை விற்போர் சொல்லையும், அதனை முற்றிலும் வெறுப்போர் சொல்லையும் ஒருபுறம் வைத்து, ஆய்வுகள் கண்டதை நோக்குவது தகும். ஒரு பொருளைப் பல நோக்கிலும் காண்பது இந்த அவையோர்க்குப் புதிதன்று.

எலும்பு அதிர்வை உணரும் முறை

எலும்பு உயிரற்ற தூண் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் அதனுள் ஓயாது பணிபுரிகின்றன. வளர்ந்தோர் உடலின் எலும்புக்கூடு ஏறத்தாழப் பத்தாண்டுகளில் புதுப்பிக்கப்படுகிறது. பாம்பன் பாலத்து இரும்புக்கு இல்லாத பேறு இது. இரும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான். எலும்போ தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். செர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் இக்கருத்தை 1892-இல் நூலாக வெளியிட்டார். எலும்பினுள் புதைந்திருக்கும் உயிரணுக்கள் சுமையையும் அசைவையும் உணர்ந்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்கலாம் என்று பிற உயிரணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது இன்றைய விளக்கம்.

சுமை நீங்கினால் எலும்பு கரையும். விண்வெளியில் எடையற்ற நிலையில் வாழ்வோர், போதிய உடற்பயிற்சி இல்லாவிடில், இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழப்பதாக அளவீடுகள் காட்டியுள்ளன. மாதவிடாய் நின்ற பின்னர் மகளிர் ஓர் ஆண்டில் இழக்கும் அளவுக்கு ஏறத்தாழ இது நிகர். சுமையின்றியே எலும்புக்குச் சுமையின் செய்தியை அனுப்ப இயலுமா என்ற கேள்வி இதிலிருந்து எழுந்தது.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளின்டன் ரூபினும் அவருடைய குழுவினரும் செம்மறியாடுகளின் பின்னங்கால்களை நாள்தோறும் 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாட்கள், மிக மெல்லிய அதிர்வில் நிறுத்தினர். ஓராண்டுக்குப் பின் அவற்றின் தொடையெலும்பின் உட்புறப் பஞ்செலும்பின் அடர்த்தி 34 விழுக்காடு உயர்ந்திருந்தது. இம்முடிவு 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. இன்றைய விளம்பரங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த ஆய்வே. ஆனால் அங்கே பயன்பட்ட அதிர்வு காலடியில் அரிதாகவே உணரத்தக்க அளவினது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

முதற்கேள்வி: அதிர்வு எவ்வளவு வலியது?

ஒரே பெயரில் விற்கப்படும் கருவிகள் ஒரே தன்மையின அல்ல. சில தட்டுகள் முழுவதும் மேலும் கீழுமாக அசையும். வேறு சில, நடுவில் அச்சுடைய ஏற்றப்பலகைபோல, ஒரு பக்கம் உயர மறுபக்கம் தாழும். இவ்வசைவின் வலிமை இரண்டைப் பொறுத்தது. ஒரு நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பது அதிர்வெண். அது ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிக்கப்படும். நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது வீச்சு. வீச்சு இருமடங்கானால் உடலைத் தாக்கும் முடுக்கமும் இருமடங்காகும். அதிர்வெண் இருமடங்கானால் முடுக்கம் நான்கு மடங்காகும்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். 30 ஹெர்ட்ஸில் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவாக இருந்தால், முடுக்கம் புவியீர்ப்பின் 0.3 மடங்கு. அதே 30 ஹெர்ட்ஸில் வீச்சு 2 மில்லிமீட்டராக இருந்தால், முடுக்கம் புவியீர்ப்பின் ஏழு மடங்கு. முன்னது எலும்பாய்வாளர் பயன்படுத்திய அளவு. பின்னது உடற்பயிற்சிக் கூடத்துத் தட்டுகளில் காணப்படும் அளவு. புவியீர்ப்பின் ஒரு மடங்கைத் தாண்டும்போது கால் தட்டைவிட்டுச் சற்றே எழும்பி, ஒவ்வொரு முறையும் அதன்மேல் மீண்டும் மோதும். வலுவான இளைஞர் ஒருவருக்கு அது பயிற்சியாகலாம். முள்ளெலும்பு மெலிந்த மூதாட்டிக்கு அது நொடிக்கு முப்பது சிறு தாக்குதல்கள்.

மலிவான கருவிகள் பலவற்றில் அதிர்வெண்ணோ வீச்சோ குறிக்கப்படுவதில்லை. ‘1 முதல் 99 நிலை’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த எண் எதனையும் அளப்பதன்று. ஒரு கருவியின் 20-ஆம் நிலை மற்றொன்றின் 60-ஆம் நிலைக்குச் சமமாக இருக்கலாம். மருந்துப் புட்டியில் அளவு எழுதப்படாவிடில் எவரும் அதனை அருந்தார். அளவு எழுதப்படாத அதிர்வையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு நேரம்?

அதிர்வால் உடலுக்குத் தீங்கு நேரலாம் என்பதைத் தொழில்நல மருத்துவம் நெடுங்காலமாக அறியும். உழுவண்டி, சரக்குந்து, பேருந்து ஆகியவற்றை நாள் முழுதும் ஓட்டுவோரிடம் கீழ்முதுகு வலி மிகுதியாகக் காணப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த நெறிமுறை, எட்டு மணிநேரப் பணியில் தொழிலாளர் உடல் ஏற்கத்தக்க அதிர்வுக்கு உச்சவரம்பு விதித்துள்ளது. பன்னாட்டுத் தர அமைப்பின் 2631 என்னும் தரநிலையும் நேரத்தையும் வலிமையையும் இணைத்தே வரம்பு காண்கிறது. அதிர்வு வலுக்குமளவிற்கு, தாங்கத்தக்க நேரம் விரைவாகக் குறையும்.

இராமநாதபுரக் கடற்கரைக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டித் துறைகளிலிருந்து விசைப்படகில் செல்லும் மீனவர் பல மணிநேரம் இயந்திரத்தின் அதிர்விலேயே நின்று பணிபுரிகின்றனர். வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய சிறு வள்ளங்களில் செல்வோர்க்கு, வள்ளம் அலைமேல் எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் முதுகெலும்பு அத்தாக்கத்தை ஏற்கிறது. வேகப் படகுகளில் முன்புறம் அமர்ந்து சென்றோர்க்கு முள்ளெலும்பு நசுங்கிய நிகழ்வுகள் பல நாட்டு மருத்துவப் பதிவுகளில் உள்ளன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்கு முன், தனுஷ்கோடியின் மணல்வழியில் ஊர்தியில் குலுங்கிச் சென்ற மூத்தோர், திரும்பி வந்தபின் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். அதிர்வு தன்னியல்பிலேயே எலும்புக்கு மருந்தாயின், கடலோடிகளின் முதுகே உலகில் மிக நலமுடையதாக இருந்திருக்கும்.

வணிகத் தட்டுகள் சிலவற்றின் அதிர்வை அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ரூபினும் உடன் பங்கேற்றார். மெல்லதிர்வுக் கருவி தரநிலையின் வரம்புக்குள் நின்றது. வலுவான தட்டுகள் சிலவற்றின் அதிர்வோ, நாளில் மிகக் குறுகிய நேரத்திற்கும் பாதுகாப்பற்றது என்று மதிப்பிடப்பட்டது. அத்தரநிலை ஊர்தியிலும் பணியிடத்திலும் ஏற்படும் அதிர்வுக்காக வகுக்கப்பட்டது. சில நிமிடப் பயிற்சிக்கு அதனை அப்படியே பொருத்தலாகாது என்று மறுப்போரும் உண்டு. அம்மறுப்பில் ஓரளவு பொருள் உண்டு. எனினும் எலும்பு மெலிந்த முதியவர் ஐயத்தின் பயனைக் கருவிக்கு அளித்தலாகாது. தம் உடலுக்கே அளித்தல் வேண்டும்.

பயன் உண்டா?

இனி ஆய்வுகள் மனிதரிடம் கண்டதைக் காண்போர்க்கு முடிவுகள் ஒருபடித்தாக இல்லை என்பது முதலில் புலப்படும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் மாதவிடாய் நின்ற 70 மகளிரிடம் நடந்து 2004-இல் வெளிவந்த ஆறுமாத ஆய்வில், தட்டின்மேல் கண்காணிப்புடன் பயிற்சி செய்தோரின் இடுப்பெலும்பு அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயர்ந்தது. கனடாவின் டொராண்டோவில் 202 மகளிரிடம் ஓராண்டு நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், அனைவரும் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் உட்கொண்டனர். அவர்களுள் மெல்லதிர்வுத் தட்டில் நின்றோர்க்கும் நில்லாதோர்க்கும் எலும்படர்த்தியில் வேறுபாடு தோன்றவில்லை. அமெரிக்காவில் சராசரி அகவை எண்பதைத் தாண்டிய 174 முதியோரிடம் இரண்டாண்டு நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வும் அடர்த்தி உயர்வைக் காணவில்லை. செம்மறியாட்டில் கண்ட 34 விழுக்காடு மனிதரிடம் மீண்டும் காணப்படவில்லை.

ஆங்காங்கில் 710 மூதாட்டியரிடம் பதினெட்டு மாதம் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு வேறொரு பயனைச் சுட்டியது. அங்கும் எலும்படர்த்தி குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஆனால் கீழே விழுந்தோரும் எலும்பு முறிந்தோரும் மெல்லதிர்வுத் தட்டில் நின்ற குழுவில் 18.6 விழுக்காடு, நில்லாத குழுவில் 28.7 விழுக்காடு. கால் தசையின் வலிமையும் உடல் தடுமாறாது நிற்கும் திறனும் மேம்பட்டதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர். ஆகவே அளவறிந்த மெல்லதிர்வு தசைக்கும் சமநிலைக்கும் உதவக்கூடும். எலும்பைத் திரும்பக் கட்டித் தரும் என்று கூற இன்றைய சான்று போதாது. மருத்துவர் அளித்த எலும்புப்புரை மருந்தை நிறுத்திவிட்டுத் தட்டின்மேல் நிற்பது பெரும் பிழை.

மூன்றாம் கேள்வி: ஏற்கும் உடல் எந்த நிலையில் உள்ளது?

விளம்பரங்கள் மறைத்துவிடும் கேள்வி இது. எலும்பு நலத்திற்கெனத் தட்டு வாங்குவோருள் பெரும்பாலோர் எலும்பு ஏற்கெனவே மெலிந்தோர். அதாவது, கருவி யாருக்கு விற்கப்படுகிறதோ அவரே அதனிடம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். பழைய பாலத்தின்மேல் புதிய பாலத்திற்குரிய வேகத்தில் வண்டியை ஓட்டுவோர் எவருமில்லை.

முள்ளெலும்பு நசுங்கல் பல முதியோர்க்குத் தெரியாமலே நேர்ந்திருக்கும். உயரம் குறைதல், முதுகு கூனுதல், காரணமற்ற முதுகுவலி ஆகியவை அதன் அடையாளங்கள். இவை உள்ளோர் எலும்படர்த்தி காட்டும் டெக்சா சோதனையும் முதுகெலும்பு எக்ஸ்ரேயும் செய்து, மருத்துவர் ஒப்புதல் பெறும்வரை எந்தத் தட்டின்மேலும் ஏறலாகாது. அண்மையில் எலும்பு முறிந்தோர், இடுப்பு அல்லது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தியோர், இதயத்துடிப்புக் கருவி பொருத்தியோர், காலில் இரத்தம் உறையும் நோயுடையோர், கருவுற்ற மகளிர், வலிப்பு நோயுடையோர், தலைச்சுற்றல் மிகுந்தோர் ஆகியோரும் விலகியிருத்தல் வேண்டும். சிறுநீரகக் கல்லோ பித்தப்பைக் கல்லோ உள்ளோர்க்கும் அதிர்வு ஆகாது. சிறுநீரகக் கல் உடையோர்க்குத் தீங்கு நேர்ந்தமை மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. கண்புரை அறுவையின்போது பொருத்திய வில்லை, தட்டின் அதிர்வுக்குப் பின் இடம்பெயர்ந்த நிகழ்வும் பதிவாகியுள்ளது. எழுபது அகவைக்கு மேற்பட்டோரில் எத்தனை பேர் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் என்பதை எண்ணினால், இவ்வெச்சரிக்கையின் பரப்பு விளங்கும்.

மருத்துவர் ஒப்புதலுடன் பயன்படுத்துவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். அதிர்வெண்ணும் வீச்சும் எழுதப்பட்ட, பிடிப்புக் கம்பியுடைய கருவியையே தேர்தல் வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி நின்றால் தலைக்குச் செல்லும் அதிர்வு குறையும். விறைத்து நின்றால் அது நேரே முதுகெலும்பு வழியாகத் தலைக்கேறும். தட்டின்மேல் அமர்தலும் படுத்தலும் தகா. மிகத் தாழ்ந்த நிலையில் ஓரிரு நிமிடங்களில் தொடங்கி, உடல் ஏற்பதைக் கண்டு மெல்லக் கூட்டலாம். தலைவலி, மயக்கம், பார்வை மங்கல், புதிய முதுகுவலி ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே நிறுத்துதல் வேண்டும். அட்டமி, சதுர்த்தசி முதலிய நோன்பு நாட்களில் நீரும் உணவும் குறைந்திருக்கும் உடல் எளிதில் தளரும். அந்நாட்களில் தட்டைத் தொடாதிருப்பதே நன்று. முதியவர் தனித்திருக்கும் நேரத்தில் அதன்மேல் ஏறலாகாது.

எலும்பைக் காக்கும் பிற வழிகள்

தட்டுக்குச் செலவிடும் பணமும் கவனமும் வேறெங்கே பயன்தரும் என்பதையும் கூறுதல் முறை. ஆஸ்திரேலியாவில் எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 மகளிர் பங்கேற்று 2018-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு பிரிவினர் வல்லுநர் மேற்பார்வையில் வாரம் இருமுறை அரைமணிநேரம் எடை தூக்கும் பயிற்சி செய்தனர். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்படர்த்தி 2.9 விழுக்காடு உயர்ந்தது; வீட்டில் எளிய பயிற்சி செய்த மற்றப் பிரிவினர்க்கு 1.2 விழுக்காடு குறைந்தது. இத்தகைய பயிற்சியை எவரும் தாமே தொடங்கலாகாது. ஆயினும் நடை, படியேற்றம், நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து அமர்தல், சுவரைப் பற்றி ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவரிடம் கற்றுப் பெரும்பாலோர் வீட்டிலேயே செய்யலாம். இவற்றிற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

உணவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற மகளிர்க்கு 1200 மில்லிகிராமும் சுண்ணாம்புச்சத்து தேவை. புலால் மறுத்த உணவில் இதனைப் பெறுதல் அரிதன்று, திட்டமிடல் வேண்டும். 200 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 240, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350, 100 கிராம் முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு 1000-க்கு மேல் உண்டு. இரண்டு குவளை பால் அல்லது தயிர், ஒரு வேளை கேழ்வரகுக் களி அல்லது அடை, ஒரு கைப்பிடிக் கீரை, ஒரு கரண்டி எள்ளுப்பொடி ஆகியவை சேர்ந்தால் தேவையில் பெரும்பகுதி நிறைவுறும். கதிரவன் மறையுமுன் உண்ணும் இல்லங்களில் மாலைப் பாலும் அதற்குள் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் குறைவற்ற தமிழகத்திலும் வீட்டுக்குள்ளே இருப்போர்க்கு இச்சத்து குறைவது உண்டு. இளங்காலை வெயில் இனிதாயினும் அதில் இச்சத்தை உருவாக்கும் கதிர்கள் குறைவு. முற்பகல் பத்து மணிக்கு மேற்பட்ட வெயிலில் கையும் முகமும் சிறிது நேரம் படுதல் பயன்தரும். குறைபாடு உடையோர் மாத்திரை உட்கொள்ள நேரும்போது, இந்த அவையோர் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் கிடைக்கும் டி-3 பெரும்பாலும் ஆட்டுமயிரின் கொழுப்பிலிருந்து பெறப்படுவது; கல்லில் படரும் பாசிப்பூஞ்சையிலிருந்து பெறும் வகையும் கிடைக்கிறது. குப்பியுறை விலங்கின் ஊன்பசையால் ஆனதாக இருக்கலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளிலும் சில சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுபவை. சித்த மருந்துகளுள் முத்துச்சிப்பி, சங்கு, பவளம் ஆகியவற்றின் பற்பங்களும் உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் உயிருள்ளவை. சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை. கனிமச் சுண்ணாம்பிலிருந்து பெறும் மாத்திரைகள் எளிதில் கிடைப்பதால், மருத்துவரிடம் அவற்றைக் கேட்டுப் பெறுதல் இயலும்.

எல்லாவற்றிலும் மேலானது விழாமல் காத்தல். இராமேசுவரத்தில் தீர்த்தங்களாடி ஈரத்தோடு கற்றரையில் நடப்போர் எவ்வளவு விழிப்புடன் அடியெடுத்து வைக்கின்றனர்! அதே விழிப்பு வீட்டுக் குளியலறையில் இருப்பதில்லை. வழுக்காத தரை, சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, பழுதற்ற கண்ணாடி ஆகிய நான்கும் ஒரு தட்டின் விலையினும் குறைந்த செலவில் அமையும்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான கலவைப் பொருளைக் கொண்டு, இளம்பிள்ளை வாதத்தால் கால் நலிந்த சிறுவர்க்கு நடைத்தாங்கி செய்ய வழிகாட்டினார். சில கிலோகிராம் எடையிருந்த தாங்கி சில நூறு கிராமாகக் குறைந்தது.  அங்கே கருவி சிறுவரின் காலுக்கேற்ப அமைந்தது. உடலை அளந்தபின் கருவியைத் தேர்வதே முறை என்பதற்கு அது நல்ல சான்று.

முன்னர்க் கூறிய மகனும் தாயும் இனி என் செய்யலாம்? தட்டை உறையிலிருந்து எடுக்குமுன் தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். டெக்சா அளவும் முதுகெலும்பின் நிலையும் தெரிந்தபின், தட்டு தக்கதெனில் அதன் மெல்லிய அளவில் மகனே அருகில் நின்று பிடித்துக்கொள்ளலாம். தகாதெனில் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாலையில் தாயின் கையைப் பற்றித் தெருமுனை வரை நடந்து வரலாம். அம்மாவுக்கு முதலில் வேண்டியதும் பெரும்பாலும் அதுவே.

அனைவரும் நலமுடன் வாழ்க. அறம் வளர்க.